முக்குளிப்பானும் வைரியும்: எடை கிட்டத்தட்ட ஒன்று, முதலுதவியும் ஒன்றா?

ஏரிக்கரை67 கேட்டது:

பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்களுக்கு ஒரே பக்கத்தில் ஒரு அட்டை தயாராகிறது. தலைப்பு: அடிபட்ட பறவை கிடைத்தால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது. ஏரியும் தோப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர்களில் அதிகம் கைக்கு வருவது இரண்டு. மழை இரவுக்கு மறுநாள் காலையில் தார்ச்சாலையிலோ களத்துமேட்டிலோ உட்கார்ந்திருக்கும் முக்குளிப்பான் ஒன்று (ஏரியில் முங்கி முங்கி எழும் சின்ன நீர்ப்பறவை). சன்னல் கண்ணாடியில் மோதிவிட்டுத் தரையில் கிடக்கும் வைரி மற்றொன்று (வல்லூறு என்று எழுதுகிறவர்களும் உண்டு, நான் சொல்வது தோப்பில் ஓணான் பிடிக்கிற அந்தச் சின்னப் பருந்தை).

இரண்டும் நீளத்தில் ஏறத்தாழ ஒரு சாண் ஒன்றரைச் சாண்தான், எடையும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறது. அட்டையின் முதல் வரைவில் இரண்டுக்கும் ஒரே குறிப்பு: துண்டு போட்டுப் பிடி, தண்ணீர் கொடு, தெளிந்ததும் உயரத் தூக்கிப் பறக்க விடு. இது சரிதானா? பிரித்து எழுத வேண்டும் என்றால் உடலமைப்பில் எந்த வித்தியாசத்தை முன்னால் வைப்பது? காரணம் சொல்லாமல் "செய்யாதே" என்று மட்டும் எழுதினால் பிள்ளைகள் கட்டாயம் செய்து பார்ப்பார்கள்.

---

அலகும்நகமும்:

மூன்று குறிப்பில் "துண்டு போட்டுப் பிடி" மட்டும்தான் தேறும். கடைசிக் குறிப்பு முக்குளிப்பானைக் கொன்றுவிடும்.

எடை ஒன்றாக இருப்பதுதான் ஆளை ஏமாற்றுகிறது. முக்குளிப்பான் ஏறத்தாழ 130 முதல் 235 கிராம். வைரியில் ஆண் 100 கிராமை ஒட்டி நிற்கும், பெண் பெரிது, 200-ஐத் தொடும். ஆனால் அந்த எடை உடம்பில் எங்கே சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அட்டையில் முதல் படம் கால் படமாக இருக்கட்டும். மற்ற எல்லா வித்தியாசமும் அதிலிருந்து கிளைக்கிறது.

முக்குளிப்பானின் கால் உடம்பின் கடைக்கோடியில், வால் இருக்க வேண்டிய இடத்தில் முளைத்த மாதிரி இருக்கும். படகுக்குப் பின்னால் விசிறி வைப்பதைப் போல. தண்ணீருக்குள் அது சிறகால் நீந்துவதில்லை. சிறகை மடக்கி இறகுக்குள் செருகிக்கொண்டு இரண்டு காலால் மட்டுமே உந்தும். கணுக்காலைத் தொட்டுப் பார்த்தால் உருண்டையாக இருக்காது, கத்தியின் அலகு போலப் பக்கவாட்டில் தட்டை. தண்ணீரைக் கிழிக்க அந்த வடிவம். விரல்களுக்கு இடையில் வாத்துக்கு இருப்பது போன்ற சவ்வு கிடையாது. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக இலை மாதிரி மடல். நகம்கூடத் தட்டைதான், நம் நகத்தைப் போல. இந்தக் காலைக்கொண்டு கிழிக்கவும் முடியாது, கிளையைப் பற்றவும் முடியாது. தரையில் நாலு எட்டு தத்தும், அப்புறம் நெஞ்சு தரையில் பட உட்கார்ந்துவிடும்.

வைரியின் கால் உடம்பின் நடுவில், எடைக்கு நேர் கீழே. மெலிந்த, மஞ்சள் நிற, நீளக் கால். மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. பின்விரலிலும் உள்பக்க முன்விரலிலும் உள்ள நகங்கள்தான் பெரியவை, இரையைக் கொல்வது அந்த இரண்டு நகமும் சேர்ந்துதான். அலகு அதற்கப்புறம் கிழித்துத் தின்ன.

ஆக, பிடிக்கும்போது ஒன்றில் அலகைக் கவனி, இன்னொன்றில் காலைக் கவனி. முக்குளிப்பானின் அலகு குட்டையானாலும் கூர்மை. கழுத்தைச் சடாரென நீட்டி முகத்துக்கு நேராகக் குத்தும், குறி பெரும்பாலும் கண். இடுப்பு உயரத்துக்கு மேலே தூக்கக்கூடாது என்று எழுதுங்கள். வைரி கொத்தினால் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். பிடித்தால்தான் வம்பு.

இன்னொன்று, இரண்டுக்கும் பொது: பறவைக்கு நமக்கிருப்பது போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற பிள்ளை, காயமில்லாத பறவையைக்கூட இரண்டு நிமிடத்தில் கொன்றுவிடும்.

---

கண்மாய்ப்பாசி:

முக்குளிப்பான் பகுதியை விரித்து எழுதுகிறேன். மன்றத்துப் பிள்ளைகள் கையில் அதிகம் வரப்போவது அதுதான்.

ஏன் சாலையில் கிடக்கிறது? ஒரு நீர்நிலை வற்றினாலோ மழையில் வேறொன்று நிரம்பினாலோ இரவில் பறந்து இடம் மாறும். நனைந்த தார்ச்சாலை, சிமென்ட் களம், தகரக் கூரை எல்லாம் நிலவிலும் தெருவிளக்கிலும் மேலிருந்து பார்க்கத் தண்ணீராகத் தெரியும். இறங்கிவிடும். மறுபடி எழும்ப முடியாது. சிறகு சின்னது, உடம்பு அதற்குக் கனம். தண்ணீர் மேல் காலை அடித்துக்கொண்டு நீளமாக ஓடி வேகம் பிடித்தால்தான் காற்றில் ஏறும். தரையில் அந்த ஓட்டம் அதற்கு வராது. அதனால் "தூக்கிப் பறக்க விடு" என்பது இதற்குக் கல்லைத் தூக்கி எறிவது மாதிரிதான். நெஞ்சில் விழும், நெஞ்செலும்பு உடையும்.

பார்க்கிறவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் "வாத்துக்குஞ்சு, கால் ஒடிஞ்சிருக்கு" என்பார்கள். இரண்டும் தப்பு. வாத்தும் இல்லை, குஞ்சும் இல்லை, காலும் பெரும்பாலும் ஒடிந்திருக்காது. பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது அதன் இயல்பு. (மரபணு ஆய்வுகளின்படி அதற்கு நெருங்கிய உறவு பூநாரை என்பது தனி வேடிக்கை.) சோதிக்க எளிய வழி: துண்டால் சுற்றி, இரண்டு சிறகும் உடம்போடு சேர்ந்திருக்கும்படி தூக்குங்கள். கால் இரண்டும் காற்றில் தொங்கட்டும். இரண்டும் ஒரே வேகத்தில் உதைத்தால் கால் நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் தொங்கினால், எலும்பு கோணியிருந்தால், இரத்தம் இருந்தால் மருத்துவரிடம்.

அடுத்து காலில் நூல். மீனைச் செவுளில் மாட்டுகிற தங்கூசி (நைலான் இழை) வலையில் சிக்கித் தப்பி வந்த பறவையின் விரல் மடலைச் சுற்றி ஒற்றை இழை இருக்கும், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். இழுத்து எடுக்கவே கூடாது, மடல் கிழியும். நகம் வெட்டும் சின்னக் கத்தரியின் நுனியை இழைக்கும் தோலுக்கும் நடுவில் விட்டு, இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிட்டு, துண்டு துண்டாக உதிரவிட வேண்டும். இழை இருந்த இடத்துக்குக் கீழே வீங்கியோ கறுத்தோ இருந்தால் வெட்டியதும் விட்டுவிடாதீர்கள். இரத்த ஓட்டம் நின்ற மடல் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அழுகும்.

காத்திருக்கும் நேரத்தில் எதன் மேல் வைக்கிறீர்கள் என்பது முக்கியம். நெஞ்சு எப்போதும் தண்ணீரில் மிதந்து பழகிய பறவை. சிமென்ட் தரையிலோ கம்பிவலைக் கூண்டிலோ வைத்தால் முழு எடையும் நெஞ்செலும்பின் விளிம்பில் இறங்கி, சீக்கிரமே அங்கே புண் வரும். செய்தித்தாள் போதாது, வழுக்கவும் செய்யும். பழைய துண்டை வளையமாகச் சுருட்டி, சும்மாடு மாதிரி வைத்து அதன் மேல் உட்கார வையுங்கள். நெஞ்செலும்பு நடுக்குழியில் தொங்கிவிடும்.

காயம் இல்லையென்றால் பெட்டியில் நாள் முழுக்க வைக்கத் தேவையே இல்லை. ஆனால் நேராகக் கண்மாயில் விடாமல் முதலில் தொட்டியில் விட்டுப் பாருங்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டி, ஒரு அடி ஆழம் நல்ல தண்ணீர். அரை மணி நேரம். தண்ணீர் முதுகில் முத்து முத்தாக உருண்டு விழுந்தால் இறகு நன்றாக இருக்கிறது. உடம்பு வழக்கத்தைவிடத் தாழ்ந்து, முதுகு இறகு நனைந்து ஒட்டிக்கொண்டால் உடனே வெளியே எடுங்கள். இறகுக்குள் இருக்கும் காற்று போய்விட்டது என்று அர்த்தம். அதோடு கண்மாயில் விட்டால் குளிரில் விறைத்து மூழ்கும். சேறு மட்டும் என்றால் நல்ல தண்ணீரில் அதுவே கோதிச் சரிசெய்துகொள்ளும். டீசலோ எண்ணெயோ என்றால் நீங்கள் தொடாதீர்கள், சோப்பும் போடாதீர்கள். சோப்பு மிச்சம் இருந்தாலும் இறகு தண்ணீர் ஏற்கும்.

விடும் இடம்: கோரையோ பாசியோ உள்ள ஓரம், நாய் இல்லாத கரை, காலை நேரம். முட்டி ஆழத்தில் இறங்கி, கையைத் தண்ணீர் மட்டத்தில் வைத்துத் திறந்தால் போதும். சில நொடியில் முங்கி, வேறெங்கோ தலைகாட்டும். முங்கினதைக் காணோமே என்று தேட வேண்டாம், அலகையும் கண்ணையும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கோரைக்குள் நிற்கும்.

---

தோப்புநிழல்:

வைரிக்கு நான் சொல்கிறேன். இதில் அவசரமே கூடாது என்பதுதான் முதல் குறிப்பு.

முதலில் அது வைரிதானா? அக்காக்குயில் சாம்பல் முதுகும் பட்டை போட்ட வாலுமாக அச்சு அசலாக வைரி போலவே இருக்கும். பறக்கும் விதமும் அப்படித்தான், மற்ற குருவிகளே ஏமாந்து கூச்சலிடும். கையில் கிடைத்தால் குழப்பம் இல்லை: அலகு கொக்கியாக வளையாமல் நேராக இருந்து, விரல் இரண்டு முன்னே இரண்டு பின்னே என்று இருந்தால் குயில். பயப்பட ஒன்றுமில்லை.

வைரியின் சிறகு குட்டை, வட்டம். வால் நீளம். மரங்களுக்கு நடுவே சட்டென்று திரும்புவதற்கான அமைப்பு. முக்குளிப்பானுக்கு வால் என்று சொல்லிக்கொள்ள ஒரு கொத்துப் பஞ்சுதான், பறக்கும்போது காலைப் பின்னால் நீட்டித் திசை திருப்பிக்கொள்ளும். வைரிக்கு வால்தான் சுக்கான். அதனால்தான் கம்பிக் கூண்டு இதற்கு ஆகாது. இரண்டு மணி நேரம் கம்பியில் அடித்துக்கொண்டால் வாலிறகு நுனி முறியும். முறிந்த இறகு அடுத்த இறகுதிர்ப்பு வரை வளராது. அதுவரை ஒழுங்காக வேட்டையாடவும் முடியாது. காயமே இல்லாத பறவை கூண்டால் ஊனமாகும்.

பிடிப்பது: பின்னாலிருந்து, தலை உட்பட முழு உடம்பும் மூடும்படி துண்டைப் போடுங்கள். கண் மறைந்தால் பாதி அடங்கிவிடும். துண்டுக்கு மேலிருந்தே தோளை இரண்டு கையாலும் வளைத்துச் சிறகை உடம்போடு சேருங்கள், அப்புறம் ஒரு கையால் இரண்டு காலையும் பாதத்துக்கு மேலே, நடுவில் ஒரு விரல் விட்டுப் பிடியுங்கள். விரல் நடுவில் இல்லாவிட்டால் ஒரு கால் நகம் மறு காலைக் குத்தும். வெல்டிங் கையுறை போல தடித்த கையுறை வேண்டாம். இவ்வளவு சின்ன உடம்பை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே அதில் தெரியாது.

கையைப் பற்றிக்கொண்டால் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இறுகும். கால் மடங்கியிருக்கும்போது தசைநாண் விரலை இறுக்கிவைக்கிற அமைப்பு அது. பறவையின் காலை மெதுவாகப் பின்பக்கம் நீட்டி நேராக்கினால் பிடி தானாகத் தளரும். அப்போதும் விடாவிட்டால் பின்விரலை முதலில் பிரியுங்கள். குத்தின இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். நகம் ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளிதான் தெரியும்.

பெட்டி: காற்று போக மூடக்கூடிய அட்டைப்பெட்டி. வைரி நிமிர்ந்து நிற்கலாம், சிறகு விரிக்க இடம் இருக்கக்கூடாது, அந்த அளவு. அடியில் துண்டு, வழுக்காமல். பென்சிலால் பத்துப் பன்னிரண்டு துளை, பக்கவாட்டில் தாழ்வாக. மேலே துளை போட்டால் வெளிச்சம் பார்த்து முட்டிக்கொண்டே இருக்கும். நிழலான, நாய் பூனை இல்லாத அறை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு. ஒவ்வொரு திறப்பும் அதற்கு ஒரு துரத்தல்.

ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து ஒரே தடவை பாருங்கள். நிமிர்ந்து நின்று, தலையைத் திருப்பி உங்களை முறைத்தால் நல்ல அறிகுறி. ஒரு கண்பாவை பெரிதாகவும் மறுகண்பாவை சின்னதாகவும் இருந்தால் தலையில் அடி. ஒரு சிறகு தொங்கினால், தலை சாய்ந்தே இருந்தால், விரல் மடங்கி முட்டியால் நின்றால் விடக்கூடாது, மருத்துவர்.

---

நீர்மருது:

ஒரு திருத்தம் கேட்கலாமா? முக்குளிப்பான் நனைந்திருந்தால் வெயிலில் சிறகை விரித்துக் காயவைக்கச் சொல்லலாமே? ஏரியில் மரக்கட்டை மேல் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோமே.

---

கண்மாய்ப்பாசி:

அது நீர்க்காகம், இல்லையென்றால் பாம்புத்தாரா. அவற்றின் இறகு ஓரம் தண்ணீர் ஏற்கும், அதனால் முங்கிவிட்டுக் கட்டையில் ஏறிக் காயவைக்கும். முக்குளிப்பானின் இறகு நெருக்கம், தண்ணீர் ஏறாது. மிதக்க இறகைத் தளர்த்திக் காற்றை வைத்துக்கொள்ளும், முங்க இறகை அமுக்கிக் காற்றை வெளியேற்றும். கட்டையில் சிறகு விரித்து நிற்கும் வழக்கமே அதற்கு இல்லை. பிடித்துச் சிறகை விரித்து வெயிலில் வைத்தால் சூட்டிலும் பயத்திலும் போய்விடும். நனைந்ததை நிழலில், துண்டின் மேல், அட்டைப்பெட்டியில் விடுங்கள். முடி உலர்த்தும் கருவியும் வேண்டாம்.

---

ஏரிக்கரை67:

நன்றி. முதல் வரைவைக் கிழித்தாயிற்று. இன்னும் மூன்று. ஒன்று, தீனி என்ன எழுதுவது? இரண்டு, குஞ்சு கிடைத்தால்? மூன்று, "தண்ணீர் கொடு" என்பதில் என்ன தப்பு, வெயில் காலத்தில் எல்லோரும் அதைத்தானே முதலில் செய்கிறோம்?

---

அலகும்நகமும்:

மூன்றாவதிலிருந்து வருகிறேன். பறவையின் அலகைத் திறந்து உள்ளே பார்த்தால் நாக்கின் அடியிலேயே ஒரு துளை திறந்து மூடும். அதுதான் மூச்சுக்குழல் வாய். மயக்கத்தில் இருக்கும் பறவைக்கு மூடி வழியாகவோ சிரிஞ்சு வழியாகவோ ஊற்றும் தண்ணீர் நேரே அதில் இறங்கும். கண்ணாடியில் மோதிய வைரி பல நேரம் மோதலில் சாவதில்லை, பாசத்தோடு ஊற்றிய தண்ணீரில் சாகிறது. முக்குளிப்பானுக்கும் இதுவே. அதன் தண்ணீர்த் தேவைக்குத் தொட்டிச் சோதனை போதும்.

தீனி: முதல் நாளில் எதற்கும் ஊட்ட வேண்டாம் என்றே எழுதுங்கள். பறவை அன்றைக்கே விடுதலையாக வேண்டும், அல்லது வனத்துறை கைக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டுமே 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை, வீட்டில் வைத்துப் பராமரிப்பது குற்றம். மருத்துவருக்கோ வனச்சரக அலுவலகத்துக்கோ போகும்போது ஒரு தகவல் சேர்த்துச் சொன்னால் அவர்களுக்கு உதவும்: நெஞ்செலும்பை விரலால் தடவுங்கள். இரு பக்கமும் சதை இருந்தால் சரி. கத்தி விளிம்பு மாதிரி கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்தால் பல நாள் பட்டினி. பட்டினி கிடந்த வைரிக்கு உடனே கறி கொடுத்தால் செரிக்காமல் சரிந்துவிடும், முதலில் மருத்துவர் கையால் நீர்ச்சத்து, அப்புறம்தான் இரை. பால், சோறு, பிஸ்கட், உப்புப் போட்ட கறி எதுவும் எதற்கும் ஆகாது.

முக்குளிப்பான் தரையில் வைத்த மீனைப் பெரும்பாலும் திரும்பியே பார்க்காது. மருத்துவர் தீனி கொடுக்கச் சொன்னால் தொட்டித் தண்ணீரில் உயிருள்ள அயிரையோ சின்னக் கெண்டைக்குஞ்சோ விட வேண்டும்.

---

தோப்புநிழல்:

குஞ்சு விஷயம். வைரிக்குஞ்சு பறக்கப் பழகும் பருவத்தில் கீழே இறங்கிவிடும். உடம்பு பழுப்பு, நெஞ்சில் நீளக் கோடுகள், கண் வெளிர் மஞ்சள். (முதிர்ந்ததற்கு முதுகு சாம்பல், நெஞ்சில் குறுக்குக் கோடு, கண் ஆரஞ்சு, ஆணுக்குச் சிவப்பு வரை போகும்.) இறகு முழுக்க முளைத்து, கிளையைப் பற்ற முடிகிறது என்றால் கீழே விழுந்த மரத்திலேயோ பக்கத்து மரத்திலேயோ தாழ்ந்த கிளையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தாயும் தகப்பனும் மேலேதான் இருக்கும், உங்கள் தலைக்கு நேரே பாய்ந்தாலும் ஆச்சரியமில்லை. தலையில் ஒரு முறமோ தொப்பியோ இருந்தால் போதும். மனிதன் தொட்ட குஞ்சைத் தாய் ஒதுக்கும் என்பது கட்டுக்கதை. வெள்ளைப் பஞ்சு உடம்பாக இருந்தால் கூட்டில் திருப்பி வைக்க வேண்டும். காக்காய்க்கூடு மாதிரி சுள்ளிக்கூடு, நல்ல உயரத்தில் இருக்கும். பிள்ளைகள் ஏற வேண்டாம், ஆள் கூப்பிடுங்கள்.

---

கண்மாய்ப்பாசி:

முக்குளிப்பான் குஞ்சு வேறு கதை. முட்டையிலிருந்து வந்த கொஞ்ச நேரத்திலேயே தாய் முதுகில் ஏறிக்கொள்ளும். தலையில் கறுப்பு வெள்ளை வரி போட்டிருக்கும், ஆள் அடையாளம் அதுதான். தனியாகக் கரை ஓரம் கத்திக்கொண்டு நின்றால் பெற்றோர் ஐம்பதடிக்குள் கோரையில் இருக்க வாய்ப்பு அதிகம். கரையிலிருந்து விலகி அரை மணி நேரம் பாருங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் விட்டால் பிழைக்காது, சூடு கொடுக்கத் தாய் முதுகு வேண்டும்.

மிதக்கும் கூடு கண்ணில் பட்டால் ஒரு எச்சரிக்கை: முட்டை மேல் ஈரப்பாசி மூடிக் கிடந்தால் கைவிட்ட கூடு என்று நினைத்துப் பாசியை விலக்கிவிடாதீர்கள். இரை தேடப் போகும்போது அது தானே மூடிவிட்டுப் போகும். முட்டை முதலில் வெள்ளையாக இருந்து பாசிக்கறை ஏறிப் பழுப்பாகும், பழைய முட்டை என்றும் நினைக்க வேண்டாம். விலக்கினால் பத்து நிமிடத்தில் காகம் பார்த்துவிடும்.

அட்டைக்கு இடம் போதாவிட்டால் இந்த இரண்டாம் பத்தியை வெட்டுங்கள், தொட்டிச் சோதனையை வெட்டாதீர்கள். சும்மாட்டுப் படத்தையும் விட்டுவிடாதீர்கள், அதை எழுத்தில் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம்.